கணக்கில் இரண்டு குறைகிறது

ஜப்பானிய பேஸ்பால் கதை - பகுதி 7

சென்ற இதழில் டோக்கியோ ஜயன்ட்ஸ் அணியின் பிட்சர் எய்ஜி சவாமுராவைக் கடலில் விட்டுவிட்டு வந்தோம். 1944 டிசம்பர் 2. அவர் ஏறிப் போன துருப்புக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. வயது 27. மூன்றாவது தடவையாகப் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டுப் போனவர் அவர். அந்த அழைப்பை ஜப்பானில் ‘அகாகாமி’ என்பார்கள், சிவப்புத் தாள். சவாமுரா வீட்டுக்கு அது திரும்பத் திரும்ப வந்தது.

அதே அணியில், அதே மேட்டில் நின்று பந்து வீசிய இன்னொருவருக்கு அந்தத் தாள் ஒரு தடவைகூட வரவில்லை. சவாமுரா இறந்த அந்தக் குளிர்காலத்தில் அவர் கருய்சாவா என்ற மலை ஊரில் போலீஸ் கண்காணிப்பில் அடைபட்டுக் கிடந்தார். ஜப்பானில் அவரளவு ஆட்டம் ஜெயித்த பிட்சர் அதுவரை இல்லை. ஆனால் அவர் ஜப்பானியர் இல்லை. ரஷ்யரும் இல்லை. சட்டப்படி அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. பெயர், விக்டர் ஸ்டார்ஃபின்.

யூரல் மலைப் பக்கம் நீஷ்னி தாகில் என்று ஓர் ஊர். இரும்புக்குப் பேர்போன ஊர். 1916 மே மாதம் அங்கே பிறந்த பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் புரட்சி வந்துவிட்டது. தந்தை ஜார் படையில் அதிகாரியாக இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அங்கே இனி வேலை இல்லை. கிழக்கே, மேலும் கிழக்கே என்று சைபீரியா முழுவதையும் தாண்டி, மஞ்சூரியாவின் ஹார்பின் நகரம் வந்து, அங்கிருந்து ஜப்பான். அதற்குள் பையனுக்கு எட்டு ஒன்பது வயது. இதற்கிடையில் 1921இல் மாஸ்கோ ஒரு உத்தரவு போட்டிருந்தது: நாட்டைவிட்டு ஓடிப்போன இத்தகையவர்கள் இனி நம் குடிமக்கள் அல்ல. லட்சக்கணக்கான பேர் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள்.

குடும்பம் நிலைகொண்ட இடம் ஹொக்கைடோ தீவின் அசாஹிகாவா. ஜப்பானில் பதிவான மிகக் கடுமையான குளிர் அந்த ஊரில்தான், 1902 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 41 டிகிரி. ராணுவப் பட்டாளம் ஒன்று நிரந்தரமாகத் தங்கியிருந்த ஊர் என்பதால் கடை கண்ணிக்குக் குறைவில்லை. அகதியாக வந்த ரஷ்யர்கள் கம்பளித் துணியைத் தோளில் சுமந்து வீடு வீடாக விற்றுப் பிழைத்தார்கள். ஸ்டார்ஃபின் வீட்டுப் பிழைப்பும் அதுதான். பிறகு ஒரு தேநீர்க் கடை.

பையன் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தான், ஜப்பானிய மொழியைத் தாய்மொழிபோலப் பேசினான், கிடுகிடுவென வளர்ந்தான். பின்னாளில் அவர் உயரம் 191 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ஜப்பானில் அது வீதியே திரும்பிப் பார்க்கும் உயரம். அந்த உயரத்தோடு பிட்சரின் மண்மேட்டில் ஏறி நின்று கையை உயர்த்தினால், பந்து மாடி ஜன்னலிலிருந்து வருவதுபோல் இருந்ததாம் பேட்டர்களுக்கு. அசாஹிகாவா பள்ளி அணி ஹொக்கைடோ போட்டியின் இறுதி ஆட்டம் வரை போகும், அங்கே தோற்கும். கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் போட்டிக்கு விக்டர் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஜப்பானில் பள்ளிக்கூட பேஸ்பால் விளையாடும் எந்தப் பையனுக்கும் கோஷியென் மண்ணை மிதிப்பதுதான் கனவு. இன்றும் அப்படித்தான்.

1933இல் வீட்டின் மேல் இடி விழுந்தது. கடையில் வேலை செய்த ஒரு பெண்ணை விக்டரின் தந்தை கொன்றுவிட்டார். ஜெயில். நாடற்ற குடும்பம், இப்போது கொலைகாரன் குடும்பமும் ஆயிற்று. பள்ளித் தோழர்களும் ஊர்க்காரர்கள் சிலரும் பையனுக்குக் கை கொடுத்தார்கள். அவன் படித்து முடிக்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

அப்போதுதான் டோக்கியோவிலிருந்து ஆள் வந்தார்கள்.

யோமியுரி நாளிதழின் முதலாளி மட்சுதாரோ ஷோரிக்கியைப் பற்றி இந்தத் தொடரில் நிறையவே பேசிவிட்டோம். 1934 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து பேப் ரூத்தும் அவர் கூட்டாளிகளும் வருகிறார்கள். அவர்களுக்கு எதிரே நிற்க ஒரு ஜப்பான் அணி வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பள்ளியிலும் கல்லூரியிலும் இருந்தார்கள். ஆனால் 1932இல் கல்வி அமைச்சகம் போட்டிருந்த உத்தரவின்படி மாணவன் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது. ஆக ஒரே வழி, பையனைப் பள்ளியிலிருந்து பிடுங்கிவிடுவது. சவாமுராவை அப்படித்தான் கியோட்டோ வணிகப் பள்ளியிலிருந்து எடுத்தார்கள். அவருக்காவது ஆசை காட்டினார்கள். விக்டருக்குக் காட்டியது வேறு. தந்தையின் விவகாரத்தில் உதவுகிறோம் என்று ஒரு கை நீட்டப்பட்டது; வராவிட்டால் குடும்பம் நாடு கடத்தப்படலாம் என்று மறு கை ஓங்கப்பட்டது. அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். நாடு கடத்துவதென்றால் எந்த நாட்டுக்கு? சோவியத் நாட்டுக்கு. அங்கே ஜார் அதிகாரியின் குடும்பத்துக்கு என்ன வரவேற்பு இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோழர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். ஒரு ராத்திரி தாயும் மகனும் ரயிலேறிவிட்டார்கள். ஹொக்கைடோவில் நவம்பர் என்றால் பனி விழத் தொடங்கிவிடும். அந்த மனிதர் அந்த ரயிலை மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான்.

நவம்பர் 29ஆம் தேதி டோக்கியோவை அடுத்த ஓமியாவில் அமெரிக்கர்களுக்கு எதிராக அவரை மேட்டில் ஏற்றினார்கள். வயது 18. ஒன்பது நாளுக்கு முன்னால் ஷிசுவோக்காவில் இதே அமெரிக்கர்களைச் சவாமுரா திணறடித்தது நினைவிருக்கும். அதனால் ஓமியாவை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நாமும் கடந்து போவோம்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் புதிய தொழில்முறை அணி கப்பலேறி அமெரிக்கா போனது, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆட. எல்லோரும் கடவுச்சீட்டை நீட்டினார்கள். ஸ்டார்ஃபினிடம் அது இல்லை. நாடற்றவர் என்பதால் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்குவதே பெரும்பாடு ஆயிற்று. ஒருவழியாக உள்ளே விட்டார்கள். இந்தப் பயணத்தில்தான் அமெரிக்க ஆட்டக்காரர் லெஃப்டி ஓ’டூலின் யோசனைப்படி அணிக்கு ‘டோக்கியோ ஜயன்ட்ஸ்’ என்ற பெயர் ஒட்டியது. பெயர் வைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். வைத்த பெயரைப் பிடுங்குவதும் சுலபம்தான், அதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.

1936இல் ஏழு அணிகளோடு லீக் பிறந்தது. முதல் இரண்டு வருஷம் சவாமுராவின் காலம். 1938 ஜனவரியில் சவாமுரா பட்டாளத்துக்குப் போனார். ஜயன்ட்ஸ் அணியின் பாரம் முழுவதும் ஸ்டார்ஃபின் தோளில் இறங்கியது. தோளில் என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. வலது தோளில்தான் இறங்கியது.

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் வேண்டும். கிரிக்கெட்டில் அணி ஜெயிக்கும், அவ்வளவுதான். பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் அணிக்குப் போவதோடு நில்லாமல், ஒரு பிட்சரின் பெயரிலும் வரவு வைக்கப்படும். தோல்வியும் அப்படியே. ஓர் ஆட்டத்தில் மூன்று பிட்சர்கள் மாறி மாறி வீசியிருந்தாலும் வரவு ஒருவர் பெயரில்தான். யார் பெயரில் என்பதை ஆட்டம் முழுக்கப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் லீகின் கணக்கர் எழுதுவார். இந்தக் கணக்கரை மறந்துவிடாதீர்கள்.

1939. ஜயன்ட்ஸ் ஆடியது 96 ஆட்டம். ஜெயித்தது 66. அதில் ஸ்டார்ஃபின் பெயரில் வரவு, 42. தோல்வி 15. அவர் மேடேறிய ஆட்டங்கள் 68. வீசிய இன்னிங்ஸ் 458க்கு மேல். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று வகுத்துப் பாருங்கள், ஐம்பது முழு ஆட்டங்கள் வரும். அணியின் மொத்தப் பந்துவீச்சில் பாதிக்கு மேல் ஒரே ஆள். முதல் நாள் தொடக்கத்திலிருந்து வீசுவார். மறுநாள் ஆட்டம் இழுபறி ஆனால் நடுவில் எழுந்து வந்து முடித்துக் கொடுப்பார். இன்றைய ஜப்பானில் நல்ல பிட்சர் வாரத்துக்கு ஒரு நாள் வீசுகிறார். 2013இல் மசாஹிரோ தனாக்கா ஒரு தோல்விகூட இல்லாமல் 24 ஆட்டம் ஜெயித்தபோது நாடே வாய்பிளந்தது. ஸ்டார்ஃபின் அந்த 1939 சீசனிலேயே, மொத்தக் கணக்கில், லீகின் முதல் நூறு வெற்றிக்காரரும் ஆனார்.

1940இல் 38 வெற்றி, 12 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டம் சராசரியாக ஒன்றுக்கும் குறைவு, 0.97. இரண்டு வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. வீரர்களைப் பட்டாளம் பொறுக்கிக்கொண்டு போனதால் எதிரணிகள் மெலிந்துகிடந்தன, பந்தும் தரம் குறைந்து எகிறாமல் போனது, அதனால்தான் இந்த எண்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே மெலிந்த எதிரணிகளுக்கு, அதே செத்த பந்தை, மற்ற பிட்சர்களும்தான் வீசினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் அவர்களில் யாரும் 42க்குக் கிட்டே வரவில்லை.

அந்த 1940 இலையுதிர்காலத்தில் ஒருநாள் விக்டர் ஸ்டார்ஃபின் ஆட்டப் பட்டியலிலிருந்து காணாமல் போனார். அவர் இடத்தில் ‘சுதா ஹிரோஷி’ என்று ஒருவர் வீச ஆரம்பித்தார். அதே உயரம், அதே கை.

போர்க்காலத்து தேசபக்தி மொழியின்மேல் பாய்ந்த சமயம் அது. அந்நியச் சொல்லெல்லாம் எதிரியின் சொல். டைகர்ஸ் ‘ஹான்ஷின்’ ஆனது. ஈகிள்ஸ், கருங்கழுகு என்று பொருள்படும் ‘குரோவாஷி’ ஆனது. ஜயன்ட்ஸ் ‘கியோஜின்’ ஆனது; அதற்கும் பூதாகாரமான ஆள் என்றுதான் அர்த்தம். ஸ்டார்ஃபினில் முதல் எழுத்தின் ஓசையை மட்டும் பிடித்து ‘சுதா’ என்று ஒரு ஜப்பானியக் குடும்பப் பெயரை மாட்டினார்கள். 1943 வாக்கில் நடுவர்களின் வாயும் கட்டப்பட்டது. ‘ஸ்ட்ரைக்’ என்று கத்தக்கூடாது, ‘யோஷி’ என்று கத்த வேண்டும். சரி என்று அர்த்தம். ‘அவுட்’ கிடையாது, ‘ஹிகே’, அதாவது விலகிப் போ. அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்டத்தை அமெரிக்கச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஆடுவது என்று முடிவெடுத்துவிட்டு, மேட்டில் ஒரு ரஷ்யரை நிறுத்தி வைத்திருந்தார்கள். கேலிக்கூத்துதான். ஆனால் நடுவில் நின்றவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

ஜப்பானியப் பெயரை மாட்டினார்களே, ஜப்பானியக் குடியுரிமை? அவர் கேட்டார். கிடைக்கவில்லை. பெயரை மாற்றச் சொன்ன அரசு ஆளை ஏற்கவில்லை. போர் முற்றியபோது வெள்ளைத்தோல்காரர் என்பதால் உளவாளிச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால்கூடப் போலீஸ் அனுமதி. நடுவில் நுரையீரல் உறை வீங்கிப் படுத்தார். எழுந்து வந்து மறுபடி வீசினார். 1942இல் 26 வெற்றி, 1943இல் பத்து, 1944இல் ஆறு. அந்த வருஷ நடுவில் அவரை அணியிலிருந்து விலக்கி, வெளிநாட்டவர்களை அடைத்துவைத்திருந்த கருய்சாவாவுக்கு அனுப்பினார்கள். கோடைக்கு உகந்த ஊர் அது. குளிர்காலத்தில், உணவுப் பங்கீடும் ஒழுங்காக வராத ஒரு போரின் கடைசி வருஷத்தில், அதைச் சுகவாச ஸ்தலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவர் பெயரில் அன்று வரவு, 199.

போர் முடிந்தது. கருய்சாவாவில் அடைபட்டவருக்கு அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையிடம் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. 1946இல் லீக் மறுபடி தொடங்கியபோது அவர் பழைய ஜயன்ட்ஸுக்குத் திரும்பவில்லை. அவரை வார்த்தெடுத்த மேனேஜர் சதாயோஷி புஜிமோட்டோ இப்போது பசிபிக் என்ற அணியில் இருந்தார், அங்கே போனார். சுதா ஹிரோஷி போரோடு போய்விட்டார், பட்டியலில் மறுபடி ஸ்டார்ஃபின். அந்த சீசனில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்தார். ஆனால் 199ஐ 200 ஆக்க ஒன்று போதும். அதற்கு முன்னால் ஜப்பானில் யாரும் எட்டாத எண்.

அதன்பிறகு ஒரு பிட்சரின் பின்மாலை. வேகம் குறைந்தது, கட்டுப்பாடு மிஞ்சியது. 1949இல் டாயே ஸ்டார்ஸ் அணிக்காக 27 ஆட்டம் ஜெயித்து மீண்டும் லீகிலேயே முதலிடம். பிறகு மெல்லச் சரிவு: பதினொன்று, ஆறு, எட்டு. 1954இல் யூனியன்ஸ் என்ற புது அணிக்குப் போனார். மறு வருஷம் டொம்போ பென்சில் கம்பெனி அந்த அணிக்குத் தன் பெயரைக் கொடுத்தது. அணி கடைசி இடம். 141 ஆட்டத்தில் அந்த அணி மொத்தமாக ஜெயித்தது 42, தோற்றது 98. ஒரு காலத்தில் 42 என்பது அந்த அணியில் இருந்த ஓர் ஆளின் தனிக் கணக்கு.

இனி அந்தக் கணக்கருக்கு வருவோம்.

1939இல் வெற்றியை யார் பெயரில் எழுதுவது என்பதற்கு இன்றிருப்பதுபோல் இறுக்கமான விதி ஜப்பானில் இல்லை. இன்று, தொடங்கி வைத்த பிட்சர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசி, முன்னணியோடு விலகி, அந்த முன்னணி கடைசிவரை நிலைத்தால் வரவு அவருக்கு. அன்று அப்படியில்லை. யாருடைய வீச்சால் இந்த ஆட்டம் கை வந்தது என்று கணக்கர் பார்ப்பார், எழுதுவார். நடுவில் வந்து முடித்துக் கொடுத்த ஸ்டார்ஃபினுக்கு அப்படிச் சில வரவுகள் விழுந்தன. போருக்குப் பிறகு ஏட்டைப் புரட்டிச் சரிபார்த்தவர்கள், புதிய விதியை பழைய ஆட்டங்களின்மேல் வைத்துப் பார்த்து, இதில் இரண்டு வேறு பிட்சருக்குச் சேர வேண்டியவை என்று முடிவு செய்தார்கள். 42, 40 ஆனது. பெயரை ஒரு தடவை அடித்து எழுதியவர்கள் இப்போது எண்ணை அடித்து எழுதினார்கள். முன்னது அநியாயம், இது அப்படியில்லை, செய்தவர்கள் நேர்மையான மனிதர்கள், விதியைத்தான் பார்த்தார்கள். ஆனாலும் ஆடி முடித்து, கைதட்டி, மைதானத்தைப் பெருக்கிவிட்டுப் போன ஆட்டத்துக்கு, பிறகு பிறந்த விதியைப் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் குறைந்த கணக்கைச் சுமந்துகொண்டுதான் ஸ்டார்ஃபின் 300ஐ நோக்கி நடந்தார். 39 வயது, கடைசி இடத்து அணி, அந்த வருஷத்தில் ஏழு வெற்றிக்கு 21 தோல்வி. 1955 செப்டம்பர் 4, கியோட்டோவின் நிஷிக்யோகோக்கு மைதானம், எதிரே அவருடைய பழைய அணியான டாயே. ஜெயித்தார். 300 என்று அறிவித்தார்கள். ஜப்பானிய பேஸ்பாலில் முதல் முந்நூறு. அந்த சீசனோடு ஆட்டத்தை விட்டார்.

1957 ஜனவரி 12ஆம் தேதி டோக்கியோவின் செதகாயா பகுதியில் அவர் ஓட்டிப்போன கார் தமகாவா தடத்து ரயில்வண்டியோடு மோதியது. அங்கேயே முடிந்தது. வயது 40. கடைசிவரை அவருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஜப்பானிய பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது, வெளிநாட்டில் பிறந்தவர்களில் முதல் பெயர். அசாஹிகாவாவில் இன்று நகராட்சி மைதானத்துக்கே ஸ்டார்ஃபின் மைதானம் என்றுதான் பெயர். முன்னால் அவருடைய சிலை. ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிய ஊர் அது.

1961இல் நிஷிடெட்சு லயன்ஸ் அணியின் கசுஹிசா இனாவோ ஒரு சீசனில் 42 ஆட்டம் ஜெயித்தார். அசுர சாதனை. ஏட்டில் பழைய உச்சம் 40. அதைத் தாண்டியாயிற்று என்று சாதனைக்காரராகவே சீசனை முடித்தார். அப்போதுதான் பழைய பஞ்சாயத்து கிளம்பியது: 1939இல் கணக்கர் எழுதியது என்ன? 1962இல் பேஸ்பால் கமிஷனர் தீர்ப்புச் சொன்னார். அன்று எழுதியது எழுதியதுதான். ஸ்டார்ஃபினுக்கு 42 திரும்பியது, இனாவோ சமநிலைக்கு இறங்கினார். இரண்டு ஆட்டம் கம்மி என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் 43க்கும் 44க்கும் போயிருப்பாரோ என்னவோ. இருவர் பெயரும் இன்றும் அந்த உச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அந்த இரண்டு திரும்பியதும் ஸ்டார்ஃபினின் மொத்தம் 303 ஆனது. கூட்டலை மறுபடி மேலிருந்து போட்டார்கள். போட்டபோது, 1955 செப்டம்பரில் கியோட்டோவில் கொண்டாடியது 300ஆவது வெற்றியே அல்ல, 302 என்று வந்தது. உண்மையான முந்நூறு அதே கோடையில், ஜூலை மாதத்தில், கவாசாகி மைதானத்தில் கிண்டெட்சு அணிக்கு எதிராக நடந்து முடிந்திருந்தது. அன்று ஏட்டில் அவர் பெயருக்கு நேரே விழுந்த எண் 298.

(தொடரும்)